சுவரில் ஆப்பிள், தட்டோரத்தில் கறிவேப்பிலை

விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் அரசு தொடக்கப்பள்ளிக்குக் குழந்தைகளுக்கான கதைப்புத்தகங்கள் சிலவற்றைக் கொடுப்பதற்காக நாம் சென்றிருந்தோம். திங்கட்கிழமை முற்பகல். இரண்டாம் வகுப்பில் உணவு பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. சுவரில் கடையில் வாங்கிய வண்ணப்படம் ஒன்று தொங்கியது. ஆப்பிள், திராட்சை, பாலாடைக்கட்டி, ரொட்டி, கண்ணாடிக் குவளையில் பால், நமக்கே பெயர் சொல்லத் தயக்கமான பச்சைப் பூக்காய் ஒன்று. "சத்தான உணவு எது?" என்று ஆசிரியை கேட்டதும் வகுப்பு ஒரே குரலில் "ஆப்பிள்" என்றது. அடுத்து அவர் கேட்ட கேள்வி நல்ல கேள்விதான்: "நேற்று ஞாயிற்றுக்கிழமை வீட்டில் என்ன சாப்பிட்டீர்கள்?" கோழிக்குழம்பு, பரோட்டா என்று சில குரல்கள் எழுந்தன. முன்வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தி, "கம்பங்கூழ் டீச்சர்" என்றாள். வகுப்பு சிரித்தது. ஆசிரியை அதட்டவில்லை. அன்பாகவே அவள் தலையைத் தொட்டு, "பரவாயில்லை, உட்காரு" என்றார்.

அந்தப் 'பரவாயில்லை'தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. ஆசிரியை நல்லவர், குழந்தைகள் அவரிடம் ஒட்டிக்கொள்கிறார்கள், அவரைக் குறைசொல்ல நமக்கு எந்த முகாந்திரமும் இல்லை. ஆனால் ஏழு வயதுக் குழந்தை அன்று உணவைப் பற்றிக் கற்றுக்கொண்டது என்ன? ஆப்பிள் சத்தானது என்பதை அவள் முன்பே அறிவாள், மனப்பாடமாக. புதிதாகக் கற்றது ஒன்றுதான். தன் வீட்டில் உண்பது மன்னிக்கப்பட வேண்டிய ஒன்று என்பது. தீட்டிய வெள்ளரிசியைக் காட்டிலும் கம்பில் இரும்பும் நாரும் அதிகம் என்பதைச் சொல்ல வேண்டிய பாடவேளை அது. ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்துக் கொண்டாடிய பிறகு, நகரத்துப் பேரங்காடிகளில் அதே கம்பு அழகிய பைகளில் ஏறிய விலைக்கு விற்கப்படுகிறது. கூழ் குடித்த சிறுமிக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

சத்துணவுக் கல்வி என்ற பெயரில் நாம் சிறு குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதன் அமைப்பே கோளாறானது என்று நமக்குத் தோன்றுகிறது. ஆற்றல் தரும் உணவு, உடலை வளர்க்கும் உணவு, நோயிலிருந்து காக்கும் உணவு என மூன்றாகப் பிரித்துக் கட்டம் போடச் சொல்கிறோம். மாவுச்சத்து, புரதம், உயிர்ச்சத்து ஆகிய சொற்களை எழுத்துப்பிழையின்றி எழுதினால் மதிப்பெண். ஆறேழு வயதில் 'புரதம்' என்ற சொல்லுக்குக் குழந்தையின் மனத்தில் என்ன உருவம் இருக்கும்? கண்ணால் காணாத, கையால் தொடாத ஒன்றை அவ்வயதில் நம்பத்தான் முடியும், அறிய முடியாது. அதனினும் பெரிய சிக்கல், இப்பாடம் தவறான ஆளிடம் நடத்தப்படுகிறது என்பது. சந்தைக்குப் போவதும் உலை வைப்பதும் குழந்தை அல்ல. எதைச் சமைப்பது என்ற முடிவில் அதற்குப் பங்கே இல்லை. அதன் அதிகாரத்தில் இருப்பவை வாயைத் திறப்பதும் மூடுவதும், கையில் விழுந்த பத்து ரூபாய்க்குப் பெட்டிக்கடையில் எதைக் காட்டுவது என்பதும்தாம். அந்த இரண்டைப் பற்றியும் பாடத்தில் ஒரு வரி கிடையாது.

நம் மரபும் இதில் ஒன்றும் இளைத்ததன்று. அளவுக்கு மீறி உண்ண விரும்பாதே என்று ஆத்திசூடி குழந்தைக்கு அறிவுரை சொல்கிறது. குறளின் 'மருந்து' அதிகாரம், முன்பு உண்டது செரித்தபின் உண்க என்பதையே பலவாறு திருப்பித் திருப்பிச் சொல்கிறது. சிறந்த அறிவுரைகள். ஆனால் திண்ணைப்பள்ளி நாளிலிருந்து இந்த வரிகளை உரக்கச் சொல்லிய பிள்ளைகளில் எத்தனை பேர், மிகுதியாக உண்பது எப்படியிருக்கும் என்பதையே அறியாமல் சொல்லியிருப்பார்கள் என்று எண்ணிப்பார்த்தால் சற்றுக் கூசுகிறது. உணவைப் பற்றிய சொல்லை, உணவிலிருந்து பிரித்தெடுத்து ஒப்பிப்பதில் நமக்கு நீண்ட பயிற்சி உண்டு.

குழந்தை உணவை எப்படிக் கற்கிறது என்பதற்கு வேறு சான்றுகள் உள்ளன. 1920களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்ற குழந்தை மருத்துவர் ஒரு விந்தையான ஆய்வைத் தொடங்கினார். தாய்ப்பால் மறந்த குழந்தைகளின் முன்னே பலவகை உணவுகளைத் தட்டுகளில் வைத்து, எதை உண்பது, எவ்வளவு உண்பது என்பதை அவர்களிடமே விட்டுவிட்டார். செவிலியர் ஊட்டச்சொல்லி வற்புறுத்தக்கூடாது, ஒன்றைப் புகழவோ இகழவோ கூடாது, குழந்தை கைநீட்டினால் மட்டுமே கரண்டியை எடுக்கலாம். மொத்தம் 15 குழந்தைகள், ஆறு மாதம் முதல் நான்கரை ஆண்டுகள் வரை. ஒவ்வொரு குழந்தையும் தனக்கென ஒரு வினோதமான கலவையைத் தேர்ந்துகொண்டது. ஆயினும் எல்லோரும் நன்றாக வளர்ந்தனர். 1939இல் அவர் வெளியிட்ட முடிவுரையைப் படித்துவிட்டு, 'குழந்தைக்கு எல்லாம் தெரியும், விட்டுவிடுங்கள்' என்று சொல்லித் திரிந்தோர் உண்டு. டேவிஸ் சொன்னது அதுவன்று. ஆய்வின் சூட்சுமம் உணவுப் பட்டியலில்தான் இருக்கிறது என்றார் அவர். தட்டில் வைக்கப்பட்ட 34 பொருள்களும் பழம், காய், தானியம், இறைச்சி, முட்டை, பால் போன்ற இயல்பான உணவுகள். சர்க்கரை இல்லை, ஆலையில் செய்த பண்டம் எதுவும் இல்லை. எதை வைப்பது என்பது பெரியவர் பொறுப்பு, எவ்வளவு உண்பது என்பது குழந்தையின் உரிமை. நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். எதையெதையோ வீட்டுக்குள் வரவிட்டுவிட்டு, 'இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய்' என்று அளவில் மட்டும் அதிகாரம் செலுத்துகிறோம்.

இன்னொன்று. லியேன் பர்ச் என்ற உளவியலாளரும் உடன் ஆய்ந்தோரும் 1984இல் வெளியிட்ட கட்டுரை, நம் வீடுகளில் ஒவ்வொரு நாளும் நடக்கும் பேரத்தைப் பற்றியது. ஒரு பானத்தைக் குடித்தால் பரிசு அல்லது பாராட்டு என்று சொல்லிக் குடிக்கவைத்த மழலையர், பின்னர் அதே பானத்தை முன்னைவிடக் குறைவாக விரும்பினர். 'கீரை சாப்பிட்டால் மிட்டாய்' என்று சொல்லும்போது குழந்தை சரியாகவே கணக்கிடுகிறது: கூலி கொடுத்துச் செய்யச்சொல்லும் வேலை இனியதாக இருக்க முடியாது. மாறாக, பிடிக்காத உணவை வற்புறுத்தலின்றி எட்டு, பத்து, சில வேளை பதினைந்து முறை சிறிதளவு சுவைக்க வாய்த்தால் நாக்கு இணங்கிவிடுகிறது என்பதும் இத்துறையில் பலமுறை கண்ட உண்மை. பத்து முறை பொறுமையாகப் பாகற்காயை எதிரே வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பது எந்தத் தாய்க்கும் எளிதன்று. வேலைக்குப் போகும் தாய்க்கு அதற்கு நேரமும் இல்லை, வீணாகும் காய்க்குப் பணமும் இல்லை. ஆனால் நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே உணவை, ஒத்த வயதினர் வரிசையாக அமர்ந்து உண்ணும் இடம் ஒன்று நம்மிடம் இருக்கிறது.

சென்னை மாநகராட்சியின் தலைவராகத் தியாகராய செட்டியார் இருந்தபோது, 1920இல், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் குழந்தை ஒன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி தரத் தீர்மானித்தார்கள். சில பள்ளிகளுக்கு விரிந்த அம்முயற்சி 1925இல் நின்றுபோனது. காமராசர் காலத்தில் 1956இல் மதிய உணவு மாநிலமெங்கும் பரவத் தொடங்கியது. 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது வீண்செலவு என்று எழுதியோர் பலர். 1989இல் கருணாநிதி ஆட்சியில் இரு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது, 2010இல் அது பள்ளி நாள் ஒவ்வொன்றுக்கும் ஒன்று என்றானது. 2013இல் ஜெயலலிதா கலவை சாதங்களை முன்னோட்டமாக அறிமுகப்படுத்தினார். 2022 செப்டம்பரில் ஸ்டாலின் மதுரையில் தொடங்கிய காலை உணவு, மறு ஆண்டு அரசு தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் சென்றது. கட்சி மாறினும் ஆட்சி மாறினும் கைவிடப்படாமல், ஒவ்வொருவரும் முன்னவரைக் காட்டிலும் ஒரு கரண்டி கூடுதலாகப் பரிமாறிய விந்தை நம் அரசியலில் இது ஒன்றுதான். இதன் பெருமையைக் குறைத்துச் சொல்ல நமக்கு விருப்பமில்லை.

ஆயினும் இந்த நூறாண்டுகளில் இவ்வுணவு பசி தீர்ப்பதாகவும் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுப்பதாகவும் கருதப்பட்டதேயன்றி, கல்வியாகக் கருதப்படவில்லை. சத்துணவு சமூக நலத்துறையின் பொறுப்பு, பாடம் பள்ளிக்கல்வித்துறையின் பொறுப்பு. இரண்டும் ஒரே வளாகத்தில் இருபதடி இடைவெளியில் நடக்கின்றன. வகுப்பறையில் சுவரில் ஆப்பிள், வேப்பமரத்தடியில் தட்டில் சோறு. ஒன்றுக்கொன்று அறிமுகமில்லை.

அன்று மதியம் நாமும் அக்குழந்தைகளோடு அமர்ந்து உண்டோம். சாம்பார் சாதமும் முட்டையும். உண்டு முடித்த தட்டுகளைப் பார்த்தபோது ஒரு காட்சி கண்ணில் பட்டது. ஏறக்குறைய எல்லாத் தட்டுகளின் விளிம்பிலும் கறிவேப்பிலை, கேரட், கத்தரிக்காய்த் தோல் ஆகியன சிறு வேலிபோல ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தன. கறிவேப்பிலையை விட்டுவிடுவோம், அதை நாமும்தான் ஒதுக்குகிறோம். அரசு பணம் செலவிட்டு, காய் வாங்கி, சமைப்பவர் நறுக்கிப்போட்டுத் தட்டுவரை வந்துசேர்ந்த சத்து, கடைசி ஓரங்குலத்தில் நின்றுவிடுகிறது. அந்த ஓரங்குலத்தைக் கடக்கச்செய்வதுதான் சத்துணவுக் கல்வி. அதைச் செய்யக்கூடியவர்கள் அப்போது எங்கே இருந்தார்கள்? தம் டிபன் பெட்டிகளுடன் தலைமையாசிரியர் அறைக்குள்.

உணவைப் பரிமாறுமுன் ஆசிரியர் ஒருவராவது அதைச் சுவைத்துப் பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் பூச்சிக்கொல்லி கலந்த மதிய உணவை உண்டு 23 குழந்தைகள் மாண்டபின் நாடெங்கும் இது மீண்டும் வலியுறுத்தப்பட்டது. நஞ்சில்லை என்று உறுதிசெய்ய ஒரு கரண்டி, பதிவேட்டில் ஒரு கையெழுத்து, அத்துடன் முடிந்தது. நம் வேண்டுகோள் மிகச் சிறியது: அந்தக் கரண்டி தட்டாக வேண்டும். ஆசிரியர் அதே உணவை அதே வரிசையில் அமர்ந்து உண்ண வேண்டும். கத்தரிக்காயை ஒதுக்காமல் மென்று உண்ணும் டீச்சரைப் பார்ப்பது, கத்தரிக்காய் பற்றிய பத்துப் பாடங்களைவிட வலியது.

ஜப்பானில் இது நாடகமாகவோ தியாகமாகவோ அன்றி அன்றாட வழக்கமாக இருக்கிறது. அங்கும் தொடக்கம் பசிதான். 1889இல் யமகட்டா மாநிலத்தின் சுருவோகாவில், ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளியொன்றில் சோற்றுருண்டையும் சுட்ட மீனும் ஊறுகாயும் கொடுத்ததே அந்நாட்டின் முதல் பள்ளி உணவு என்பார்கள். 1954இல் பள்ளி உணவுக்கெனச் சட்டம் இயற்றினார்கள். 2005இல் உணவுக்கல்விக்கெனத் தனிச் சட்டமே கொண்டுவந்து, அதே ஆண்டில் ஊட்டச்சத்து ஆசிரியர் என்ற பணியிடத்தையும் உருவாக்கினர். தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் முறைவைத்து வெள்ளை மேலங்கியும் தொப்பியும் முகக்கவசமும் அணிந்து, உணவை வகுப்பறைக்கு எடுத்துவந்து தம் தோழருக்குப் பரிமாறுகிறார்கள். ஆசிரியர் அங்கேயே, அதே உணவை அவர்களோடு உண்கிறார். அந்த நேரம் இடைவேளையாகக் கருதப்படுவதில்லை, கல்வியின் ஒரு பகுதியாகவே கொள்ளப்படுகிறது. அங்கும் எல்லாம் இனிமையல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். தட்டைக் காலிசெய்யும்வரை பிள்ளையை எழவிடாத கண்டிப்பு, அக்கண்டிப்பால் பள்ளி உணவென்றாலே அஞ்சும் பிள்ளைகள் என அந்நாட்டிலேயே கடும் விமர்சனங்கள் எழுந்துள்ளன. டேவிஸ் குறித்துவைத்த எல்லையை மீறினால் எந்த நாட்டிலும் இதுதான் நேரும்.

இங்கே ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவோம். கணக்கெடுப்பு, தேர்தல் பணி, இணையத்தில் ஏற்றவேண்டிய விவரங்கள் என்று ஏற்கெனவே முதுகொடியும் ஆசிரியருக்கு மதியத்தில் கிடைக்கும் அரைமணி நேரத்தையும் பறிப்பதா? நியாயமான கேள்வி. அந்த நேரத்தைப் பணிநேரமாகக் கணக்கிட்டு, அதற்கு ஈடாக வேறொரு சுமையை இறக்கிவைப்பதே முறை. நாள்தோறும் எல்லோரும் அமர வேண்டியதுமில்லை, முறைவைத்துக்கொள்ளலாம்.

சொல்லப்படாத மறுப்பு வேறொன்று உண்டு, அது உரக்கச் சொல்லப்படுவதில்லை. யார் சமைத்தது என்பது. 2018இல் திருப்பூர் மாவட்டச் சிற்றூர் ஒன்றில், பட்டியல் சாதிப் பெண் சத்துணவு சமைக்கக்கூடாதென்று பெற்றோர் சிலர் எதிர்த்தனர். அவர் இடமாற்றம் செய்யப்பட்டு, கண்டனம் கிளம்பிய பின்னர் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. அந்த ஊர்ப் பிள்ளைகள் அவ்வாரத்தில் உணவைப் பற்றி என்ன கற்றிருப்பார்கள்! உணவுப் பந்தி நம் ஊரில் ஒருபோதும் வெறும் ஊட்டச்சத்து விவகாரமாக இருந்ததில்லை. ஆசிரியர் அந்தப் பெண்மணி சமைத்ததைப் பிள்ளைகள் கண்முன் உண்பது இரட்டைப் பாடம். பரிமாறும் முறையை ஜப்பானிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்வதிலும் எச்சரிக்கை வேண்டும். எந்தப் பிள்ளை பரிமாறும், எந்தப் பிள்ளை தட்டுக் கழுவும் என்பதை நம் ஊரில் முறைப்பட்டியல் மட்டுமே தீர்மானிக்கும் என்று நம்பிவிட முடியாது.

பள்ளிவாசல் பெட்டிக்கடைக்கு வருவோம். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளியிலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக்கூடாதென்று 2020இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி செய்தது. நாம் பார்த்த அந்தக் கடை பள்ளிச் சுவரில்தான் சாய்ந்து நின்றது. சரம்சரமாக ஐந்து ரூபாய்ப் பொட்டலங்கள். 2025இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தன் பள்ளிகளில், எந்தப் பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் பலகைகள் வைக்கச் சொன்னது. கண்ணால் காணக்கூடியது என்பதால் புரதத்தைப் பற்றிய பாடத்தைவிட இது மேல். ஆனால் 'கெட்ட உணவு' என்று பெயரிட்டுப் பயமுறுத்துவதில் ஓர் அபாயம் உள்ளது. விடியற்காலையில் வயல்வேலைக்கோ கட்டட வேலைக்கோ போகும் தாய், பிள்ளை கையில் திணித்துச் சென்ற பத்து ரூபாய் அவள் அன்பின் வடிவம். அதை வாங்கித் தின்ற பிள்ளையைக் குற்றவாளியாக்குவதும், சற்றுப் பருத்த பிள்ளையை எழுப்பி நிறுத்தி உதாரணம் காட்டுவதும், கூழ் குடித்தவளைப் பார்த்துச் சிரிப்பதும் ஒரே இனம்தான். சொல்லாமலே செய்யக்கூடியது ஒன்றுண்டு. மாலையில் பள்ளி விடும்போது பசிக்கும் பிள்ளைக்கு ஒரு கை சுண்டலோ வேர்க்கடலை உருண்டையோ கிடைத்தால், பெட்டிக்கடைக்காரர் தாமாகவே சரக்கை மாற்றுவார்.

தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 சுற்றில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. முந்தைய சுற்றைவிட அதிகம். முதல் வகுப்பில் நுழையும் பிள்ளைகளில் பலர் களைத்துப்போன இரத்தத்துடன்தான் நுழைகிறார்கள் என்று கொள்ளலாம். அவர்களுக்கு வாரம் ஒருமுறை இரும்புச்சத்து மாத்திரையும், ஆண்டுக்கு இருமுறை குடற்புழு மாத்திரையும் தருகிறார்கள், நல்லது. கூடவே, அவ்வயதுக்குப் புரியக்கூடிய சில காரியங்கள் உள்ளன. கீரைச்சோற்றில் எலுமிச்சை பிழிந்தால் இரும்பு உடலில் நன்றாகச் சேரும், சோற்றோடு தேநீர் குடித்தால் சேராது. பிழிவதைப் பிள்ளையே செய்யலாம். சோப்புப் போட்டுக் கைகழுவுவதை ஒரு பாட்டுப் பாடிமுடிக்கும் நேரம் நீட்டிக்கலாம், ஆனால் அதற்குக் குழாயில் தண்ணீர் வர வேண்டும், சோப்பு தீர்ந்தால் வாங்க யாரிடம் பணம் என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். முருங்கைக்கொம்பு ஒன்றைப் பள்ளி மூலையில் ஊன்றலாம். பெயர்களையேனும் சொல்லித்தரலாம்: முருங்கை, பசலை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி. நம் பிள்ளைகள் இன்று எல்லாவற்றையும் 'கீரை' என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுகிறார்கள், எழுதுகிற நம்மில் பலரும் அப்படித்தான். பெயரறியாத ஒன்றை ஒதுக்குவது எளிது.

அன்று உண்டு முடித்தபின் அந்தச் சிறுமியிடம் கம்பங்கூழ் எப்படிச் செய்வார்கள் என்று கேட்டோம். முதலில் தயங்கினாள். பிறகு நாம் கேலி செய்யவில்லை என்பது தெரிந்ததும் கைகளால் காட்டத் தொடங்கினாள். ஆயா கம்பைப் புடைப்பது, தண்ணீர் தெளித்து இடிப்பது, முதல்நாள் இரவே கரைத்துப் புளிக்கவைப்பது, காலையில் மோர் ஊற்றிச் சின்ன வெங்காயம் கடித்துக்கொள்வது. ஐந்தாறு பிள்ளைகள் சுற்றி நின்றுவிட்டார்கள். எங்கள் வீட்டில் மோர்மிளகாய் என்றான் ஒருவன். காலையில் சிரித்தவர்களில் அவனும் ஒருவன் என்று நினைவு. கை கழுவிவிட்டு வந்த ஆசிரியை வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மணி அடித்தது, எல்லோரும் வகுப்புக்குள் ஓடினார்கள். அடுத்த பாடவேளை கணக்கு.